கேட்டால் கொடுக்கிற ஊரில் ஒரு சொட்டு மருந்துப் புட்டி

மார்ச் 4, செவ்வாய்

நோட்டே, வணக்கம். சுகமாக இருக்கிறாயா? கடையில் உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தாய், ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. மத்தியானம் முழுக்க வெயிலில் வைத்தேன். இப்போது தேவலையா? என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் வைசாகே. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பான் செமெசா. செமெசா என் தாய்மாமன் மகன், மச்சான் முறை. அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம், மீதிப் பாதியை மறந்துவிடலாம்.

உன்னை எதற்கு வாங்கினேன் என்று கேட்பாய். நேற்று மருத்துவப் படகில் அக்கனிசி நர்ஸம்மா வந்து என் கண்ணைப் பார்த்தார். பார்க்கச் சொன்னது ஊர்த் தலைவர். ஏன் சொன்னார் என்றால், போன வாரம் நான் படகைக் கொண்டுபோய் மாமியார் மேல் உரசிவிட்டேன்.

மாமியார் என்றால் என் மாமியார் இல்லை. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எங்கள் ஊருக்கு முன்னால் பவளப்பார் மதில் மாதிரி ஓடுகிறது. அதில் படகு போக ஒரே ஒரு வாசல். வாசலுக்கு இடது பக்கம் ஒரு பாறை, தண்ணீருக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். மருமகன் மாமியாரோடு பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்தப் பாறையைத் தாண்டும்போதும் படகில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அதனால் அவளுக்கு அந்தப் பெயர். இருபத்தாறு வருஷமாக ஊர்ப் படகுக்குச் சுக்கான் பிடிக்கிறேன், ஒரு நாளும் அவள் மேல் பட்டதில்லை. போன வாரம் பட்டப்பகலில், அலையே இல்லாத கடலில், நேராகப் போய் உரசினேன். கவனப் பிசகு இல்லை. அவள் எனக்குத் தெரியவே இல்லை.

நர்ஸம்மா ஒரு சின்னக் கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். கொசு உட்கார்ந்து எழுந்த மாதிரி ஆறு தட்டு. இடது கண்ணில் அழுத்தம் முப்பத்து மூன்று, வலதில் முப்பது.

"இருபதுக்குப் பக்கத்துலயாவது வரணும் மாமா."

"வலியே இல்லியேம்மா."

"அதுதான் இந்த நோயோட திருட்டுத்தனம். இளநீர்க் காய் மாதிரி நினைச்சுக்குங்க. உள்ளே தண்ணி ஊறிக்கிட்டே இருக்கு, வெளியே போற வழி அடைச்சிருக்கு. உள்ளேயே அழுத்தி அழுத்திப் பின்னாடி இருக்கிற நரம்பைக் கொல்லுது. இடது கண்ணுல ஓரம் போயிடுச்சு. போனது திரும்பாது. இருக்கிறது போகாம பார்த்துக்கலாம்."

என் சுண்டுவிரலில் பாதி கூட இல்லாத ஒரு புட்டி கொடுத்தார். இன்னொன்றைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளச் சொன்னார். தினம் சாயங்காலம், கண்ணுக்கு ஒரு சொட்டு. சொட்டு விட்ட நாளுக்கெல்லாம் கோடு போட ஓர் அட்டை. அட்டையில் கட்டம் நகத்தளவுதான் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது அதில் அடங்குமா? அதற்குத்தான் நீ.

தலைவர் சுக்கானை செமெசாவிடம் கொடுத்துவிட்டார். அழுத்தம் அடங்கிவிட்டது என்று நர்ஸம்மா அடுத்தடுத்து இரண்டு தடவை சொன்னால் திரும்ப எனக்குத் தருவாராம்.

அடங்கும். அடங்காமல் எங்கே போகும்?

மார்ச் 5, புதன்

சொட்டு விட்டேன். ஒன்று கண்ணில், மூன்று மீசையில்.

மார்ச் 11, செவ்வாய்

கை பழகிவிட்டது. சாயங்கால ஜெபத்துக்கு மரமுரசு அடிக்கிறார்களே, அதுதான் என் கடிகாரம். முதல் அடிக்கு மல்லாந்து படுக்கிறேன். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் அழுத்திக்கொண்டு நூறு எண்ண வேண்டும். அதுவரை பேசக் கூடாது. மருந்து கசப்பில்லை, எரிச்சலில்லை. கஷ்டம் இந்த நூறுதான்.

லோசலினி, என் மனைவி, அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து வந்து பக்கத்தில் உட்காருகிறாள். "முப்பத்தோரு வருஷத்துல இந்த வீட்ல இப்படி ஒரு அமைதி கிடைச்சதில்ல" என்கிறாள். "நர்ஸைக் கேட்டு, நாளைக்கு மூணு வேளை ஆக்கிடலாமாய்யா?"

ஏப்ரல் 15, செவ்வாய்

நர்ஸம்மா வந்தார். இடது இருபத்தொன்று, வலது பத்தொன்பது!

அட்டையைப் பார்த்தார். ஒரு நாள் விடாமல் கோடு. எல்லாம் நிஜக் கோடு. "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு வேலையே இல்ல மாமா" என்றார். எனக்கு நெஞ்சு பன்றிக்குட்டி மாதிரி துள்ளியது. இன்னும் ஒரு தடவை இப்படி வந்தால் சுக்கான்.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். "இமை முடி கொஞ்சம் நீளமா, கறுப்பா வளரும். பயப்படாதீங்க. இந்த மருந்தோட குணம் அது."

யாங்கோனா கரைத்துக் குடிக்க சாயங்காலம் தலைவர் வீட்டில் கூடினோம். வேரை இடித்துப் பிழிந்து சிரட்டையில் வாங்கிக் குடித்தால் நாக்கு மரத்துப்போகும் என்பார்கள். என் நாக்கு மட்டும் மரத்ததே இல்லை. கருவி எப்படி இருந்தது, எப்படித் தட்டியது, இமை எப்படி வளரப்போகிறது, எல்லாவற்றையும் ஊருக்கே சொன்னேன். பெண்கள் பக்கத்தில் திடீரென்று சத்தம் அடங்கியது. என் பேச்சில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மே 2, வெள்ளி

லோசலினி என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "என்னய்யா இது, கன்னுக்குட்டி மாதிரி இமை! உனக்குப் போய் ஆண்டவர் இதைக் குடுத்தாரே."

கண்ணாடியில் பார்த்தேன். பொய் இல்லை, நான் கொஞ்சம் அழகாகத்தான் இருந்தேன்.

மத்தியானம் செமெசா வந்தான். சுக்கான் கைக்கு வந்ததிலிருந்து அவனுக்கு முகமே சரியில்லை. மாமியாரைத் தாண்டும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறானாம், படகில் போனவர்கள் சொல்கிறார்கள். பார்வை உள்ளவன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறான், பாதி தெரியாதவன் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். என்ன நியாயம்?

"மச்சான், எடது கண்ணு உறுத்துது. உப்புத்தண்ணி பட்டுப் பட்டு ஒரே அரிப்பு. ஒரே ஒரு சொட்டு, கெரே கெரே."

இந்த வார்த்தையை எங்கள் ஊரில் ஒருவன் சொல்லிவிட்டால் முடிந்தது. கத்தியோ, சட்டையோ, அடுப்பிலிருந்து இறக்கிய மீனோ, கேட்டதைக் கொடுக்க வேண்டும். இல்லை என்பவன் மனிதனில் சேர்த்தி இல்லை. என் அப்பாவிடம் ஒருத்தர் வந்து வீட்டுக் கதவைக் கெரே கெரே என்று கேட்டார். அப்பா கழற்றிக் கொடுத்துவிட்டார். மழைக்காலம். அம்மா நாலு நாள் அப்பாவோடு பேசவில்லை. கதவில்லாத வீட்டில் பேசினால் ஊருக்கே கேட்கும் என்பதும் ஒரு காரணம். அடுத்த வருஷம் அப்பா வேறொரு வீட்டுக்குப் போய், கெரே கெரே, உங்கள் கதவைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தார். மாட்டிப் பார்த்தால் அது எங்கள் கதவேதான். மூன்று வீடு சுற்றிவிட்டு வந்திருந்தது.

எதற்கு இதைச் சொல்ல வந்தேன்? ஆமாம், செமெசா. கொடுத்தேன். ஒரு சொட்டுதானே.

மே 9, வெள்ளி

ஒரு சொட்டு இல்லை. செமெசா தினம் வருகிறான்.

இன்றைக்கு விலிமைனாவும் வந்தாள். லோசலினியின் தங்கை, கோயில் பாட்டுக் குழுவில் முதல் குரல். "அத்தான்" என்றாள், தேன் ஒழுக. அவள் அத்தான் என்று கூப்பிட்டு ஆறு மாதம் ஆகிறது. "ஜூலையில தீவு முழுக்கப் பாட்டுப் போட்டி. எல்லாரும் நம்ம முகத்தைத்தான் பார்ப்பாங்க. கெரே கெரே, கண்ணுக்கு ஒரு சொட்டு."

"உன் குரலைக் கேட்க வர்றாங்களா, இமையைப் பார்க்க வர்றாங்களா?"

"குரலைக் கேட்கும்போது கண்ணை என்ன செய்வாங்க அத்தான்? சும்மா வச்சிருப்பாங்களா?"

கொடுத்தேன்.

மே 12, திங்கள்

முதல் குரல் வந்தால் இரண்டாம் குரல் வராதா? மூன்றாம் குரலும் வந்தது. முரசுக்கு முன்னால் என் வாசலில் வரிசை. ஒவ்வொருத்தியும் போகும்போது மரவள்ளிக்கிழங்கோ, நண்டோ, ஒரு சீப்பு வாழைப்பழமோ வைத்துவிட்டுப் போகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறோம்.

மே 20, செவ்வாய்

இரண்டு புட்டியும் காலி. நர்ஸம்மா வர இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

அட்டையை எடுத்தேன். இன்றைக்குக் கோடு போடக் கூடாது. போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் ஊர்ப் பெண்கள் எல்லாரையும் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா? கண்தான் வலிக்கவே இல்லையே. பதினாறு நாளில் என்ன ஆகிவிடும்?

கோடு போட்டேன். அது கோடு மாதிரி இல்லை, புழு மாதிரி இருந்தது.

ஜூன் 5, வியாழன்

இடது இருபத்தொன்பது. வலது இருபத்தேழு.

நர்ஸம்மா கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மறுபடியும் அதே. அட்டையைப் பார்த்தார். முழுக்கக் கோடு, கடைசிப் பதினாறும் புழு. "தினம் விட்டிருக்கீங்க. அப்புறம் ஏன்?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். நான் பக்கத்துச் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது.

புதுசாக இரண்டு புட்டி கொடுத்தார். "இன்னும் ஒரு தடவை பார்ப்போம் மாமா. அடுத்த தரமும் இறங்கலைன்னா சுவா பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும். ஆபரேஷன்."

ஜூன் 12, வியாழன்

புட்டியைச் சேப்பங்கிழங்குக் குவியலுக்குள் ஒளித்து வைத்தேன். விலிமைனா வந்து, "அத்தான், மருந்து எங்க?" என்றாள். கிழங்குக்குள்ளே என்றேன்.

வேதப்புத்தகப் பெட்டிக்குள் வைத்தேன். செமெசா கேட்டான். பெட்டியில் என்றேன்.

கூரையில் செருகினேன். மூன்றாம் குரல் கேட்டாள். கூரையை அண்ணாந்து பார்த்தேன். அதுவே போதும் என்று ஏணி எடுத்து வந்துவிட்டாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அது எனக்கு வராது.

ஜூலை 12, சனி

பாட்டுப் போட்டியில் எங்கள் ஊருக்கு மூன்றாம் இடம். முதலாவது வந்தவர்களுக்கு இமையே இல்லையாம்.

புட்டி காலியாகி ஒன்பது நாள். ஒன்பது புழு.

ஜூலை 19, சனி

முப்பத்தொன்று. இருபத்தொன்பது.

நர்ஸம்மா உட்கார்ந்துவிட்டார். "மருந்து உங்களுக்கு வேலை செய்யல மாமா. ஒரு நாள் விடாம போட்டும் ஏறுதுன்னா வேற வழி இல்ல. வலது கண்ணு இன்னும் தப்பிச்சிருக்கு. எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது." சுவா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் கண் முன்னாலேயே. உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினார்.

நான் சும்மா இருந்தேன்! இந்த வாய், இத்தனை பேசுற வாய், கதவு கதையை நூறு தடவை சொன்ன வாய், ஒத்த வார்த்தை சொல்ல வரல. "மருந்து வேலை செய்யும்மா, நான்தான் போடல"ன்னு சொல்ல வேண்டியதுதானே? என்ன பயம் உனக்கு? கண்ணு போயிட்டா சுக்கான் எதுக்கு, இந்த நோட்டு எதுக்கு, நீ வெட்டியாப் பேசறப்ப லோசலினி முகம் சுளிக்கிறதை எதை வச்சுப் பார்ப்பே?

எல்லாம் அந்த செமெசாவால். அவன்தான் ஆரம்பித்தான். சுக்கான் கையிலேயே இருக்கட்டும் என்றுதான் என் மருந்தை வாங்கி வாங்கி—

இல்லை. அப்படி எழுதக் கூடாது. எழுதியதை அடிக்கவும் மனசு வரவில்லை. இருக்கட்டும்.

கடல் கொந்தளிப்பு. நர்ஸம்மாவின் படகு கிளம்பவில்லை. திங்கட்கிழமைதான் போவார்.

ஜூலை 20, ஞாயிறு

நோட்டே, பிடித்துக்கொள். சொல்கிறேன்.

நர்ஸம்மா காலையில் எங்களோடு கோயிலுக்கு வந்தார். விருந்தாளி என்று முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முதல் பெஞ்சுக்கு நேர் எதிரே பாட்டுக் குழு. ஜன்னல் வெயில் அவர்கள் முகத்தில் விழுகிறது. முதல் பாட்டுக்கு நர்ஸம்மா சிரித்துக்கொண்டு கேட்டார். இரண்டாம் பாட்டில் சிரிப்பு நின்றது. மூன்றாம் பாட்டில் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். நான் பாதிரியாருக்குத் தெரியாமல் வேர்த்தேன்.

வெளியே வந்ததும் என்னை மாமர நிழலுக்குக் கூப்பிட்டார்.

"மாமா, இந்த ஊர்ல கண் அழுத்த நோய் எத்தனை பேருக்கு?"

"எனக்கு மட்டுந்தாம்மா."

"அப்ப உங்க இமை ஏழு பொம்பளைங்களுக்கு எப்படி வந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் செமெசா, "நர்ஸம்மா, நல்லாருக்கீங்களா?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான். நர்ஸம்மா அவன் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார். வலது கண்ணில் சாதாரண இமை. இடது கண்ணில் விசிறி.

"இது என்ன?"

"அந்தக் கண்ணுதாம்மா உறுத்துச்சு" என்றான் மடையன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புழுக்கோடு வரைக்கும். நர்ஸம்மா சத்தம் போட்டார், மாமரத்துப் பறவையெல்லாம் எழுந்து போய்விட்டது. "ஒரே புட்டி மூக்கை இத்தனை பேர் கண்ணுல தொட்டு எடுத்தா சீழ் பிடிச்சு மொத்த ஊரும் குருடாகும்! நீங்க பொய்க் கோடு போட்டதுக்கு நான் உங்க கண்ணை அறுக்க எழுதிக் குடுத்திருக்கேன் மாமா! வேலை செய்யற மருந்தை வேலை செய்யலன்னு எழுதிட்டேன்!"

கடைசி வார்த்தைக்குக் குரல் உடைந்தது. அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

கடிதத்தை அவர் கிழிக்கவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டார். "இது என்கிட்டயே இருக்கும். அடுத்த தடவை உங்க கண்ணு சொல்லட்டும், அனுப்பவா வேணாமான்னு." பழைய அட்டையை வாங்கிக்கொண்டு புது அட்டையை லோசலினியிடம் கொடுத்தார். கோடு போடுவது இனி அவள்.

ஜூலை 21, திங்கள்

நர்ஸம்மா போய்விட்டார். புதுப் புட்டி மேசை மேல் நிற்கிறது. அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. சாயங்காலம் யாராவது வந்து அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன செய்வேன்? இல்லை என்று என் அப்பா சொன்னதில்லை, அவர் அப்பா சொன்னதில்லை. நான் எந்த வாயால் சொல்வேன்?

லோசலினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஊரே இமைக்கு வரிசையில் நின்றபோது அவள் மட்டும் ஒரு சொட்டு கேட்கவில்லை. ஏன் என்று அன்றைக்கே கேட்டேன். "நீ என் முகத்தைப் பார்க்கிற லட்சணத்துக்கு இருக்கிற இமை போதும்" என்றாள்.

இன்றைக்கு அவளிடம், "கேட்டா குடுக்காம எப்படிடீ?" என்றேன்.

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "கேட்டா மறுக்கக் கூடாது. அவ்வளவுதானே வழக்கம்?"

"ஆமா."

"அப்ப நீ கேளேன்யா. உங்கப்பா கதவைத் திரும்ப வாங்கினது எப்படியாம்? வருஷக்கணக்கா அந்தக் கதையைச் சொல்றே, சொல்ற உனக்கே அது ஏறல."

நோட்டே, இந்தப் பெண்ணை நான் முப்பத்தோரு வருஷமாக அரைக்கண்ணால்தான் பார்த்து வந்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

தலைவர் வீட்டில் ஊர் கூடியது. நல்ல யாங்கோனா வேர் ஒரு கட்டு கொண்டுபோய் வைத்தேன். கரைத்தார்கள். தலைவர் குடித்தார். என் முறை வந்ததும் சிரட்டையை வாங்கவில்லை.

"நான் ஒண்ணு கேட்கணும்" என்றேன். கதை சொல்லப்போகிறேன் என்று நினைத்து நாலு பேர் சுவரில் சாய்ந்தார்கள்.

"கெரே கெரே. ஊரையே கேட்கிறேன். என் கண்ணு மருந்தை இனி யாரும் என்கிட்ட கேட்காம இருக்கிறதை எனக்குக் குடுங்க."

அவ்வளவுதான் பேசினேன். என் வாழ்நாளிலேயே சின்னப் பேச்சு. இப்படி ஒருவன் கேட்டு யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கேட்டாகிவிட்டது. மறுக்க முடியாது. அது ஒவ்வொரு முகத்திலும் மெல்ல மெல்ல ஏறுவதைப் பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் ஏழு ஜோடி நீள இமை ஒன்றாகக் கீழே தாழ்ந்தது.

விலிமைனாதான் முதலில் பேசினாள். "குடுத்தோம் அத்தான். மூணாவது வந்ததுக்கு இதுவே அதிகம்."

ஊர் சிரித்தது. சம்மதத்துக்கு அடையாளமாகத் தலைவர் உள்ளங்கையைக் குவித்து ஒரு தட்டுத் தட்டினார், எல்லாரும் தட்டினார்கள். மீன் பெருகட்டும் என்று கடலில் ஒரு பகுதியை மூடும்போது கம்பு நட்டு அதில் தென்னங்குருத்து கட்டுவோம். கம்பு நிற்கும்வரை அங்கே யாரும் வலை போடமாட்டார்கள். தலைவர் ஒரு துண்டுக் குருத்தைக் கிழித்து என் புட்டியின் கழுத்தில் கட்டினார். அவ்வளவு சின்னப் புட்டிக்கு அவ்வளவு பெரிய காப்பு.

அப்புறம் செமெசா எழுந்தான். எனக்குத் திக்கென்றது.

"நானும் ஒண்ணு கேட்கிறேன். மருந்து இல்ல, மருந்து இல்ல, முறைக்காதீங்க. மச்சான், தினம் சாயங்காலம் உனக்குச் சொட்டு விடற வேலை. அதை எனக்குக் குடு. கெரே கெரே." என் பக்கத்தில் வந்து குனிந்து, மெதுவாகச் சொன்னான்: "சீக்கிரம் சுக்கானை வாங்கிக்கடா. அந்தப் பாறையைப் பார்த்தா எனக்குக் கண்ணு தானா மூடிக்குது. நாலு மாசமா நான் படகுல பேசாம வர்றது வழக்கத்துக்காக இல்ல, பயத்துல."

பத்தொன்பதாம் தேதி எழுதியதில் அவனைப் பற்றிய வரியை இப்போது அடித்துவிட்டேன். நன்றாக, கறுப்பாக.

ஜூலை 26, சனி

மரமுரசின் முதல் அடிக்கு செமெசா வாசலில். ஒன்றுகூட மீசையில் விழவில்லை. நூறு எண்ணும்போது வேண்டுமென்றே எழுபதில் தும்மினான். லோசலினி மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வைத்தாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கோடு, கோடு, கோடு. எல்லாம் லோசலினி போட்டது. பனைமரம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது ஒவ்வொன்றும்.

செப்டம்பர் 3, புதன்

இடது பத்தொன்பது! வலது பதினெட்டு!

நர்ஸம்மா பையிலிருந்து அந்த உறையை எடுத்தார், என்னைப் பார்த்தார், திரும்ப உள்ளே வைத்தார். "இன்னும் ஒரு தடவை" என்றார். சரிதான், நானும் இரண்டு தடவை ஏமாற்றியவன்தானே.

பாட்டுக் குழுவின் இமையெல்லாம் கொட்டி, பழையபடி ஆகிவிட்டது. செமெசாவின் இடது கண்ணில் மட்டும் நாலைந்து போக மாட்டேன் என்கிறது.

அக்டோபர் 15, புதன்

பதினெட்டு. பதினேழு.

நர்ஸம்மா உறையை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீங்களே கிழிங்க மாமா." கிழித்தேன். பிறகு தலைவரிடம் போய்ச் சொன்னார்: வெளிச்சத்தில் மட்டும், கடல் அமைதியாக இருந்தால் மட்டும், இடது பக்கம் பார்க்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் மட்டும் இவர் ஓட்டலாம். போன ஓரம் போனதுதான், அது வராது. மருந்து ஆயுசுக்கும் உண்டு. "அழுத்தம் அடங்கியிருக்கு, செத்துப் போகல" என்றார். அதைப் பாட்டாகவே படிக்கலாம் போல இருந்தது.

பக்கத்தில் யார் இருப்பது என்று தலைவர் கேட்டு முடிக்கவில்லை, செமெசா கையைத் தூக்கிவிட்டான்.

அக்டோபர் 16, வியாழன்

இன்றைக்குப் படகு எடுத்தேன்.

கை மறக்கவில்லை. எஞ்சின்தான் என்னை மறந்துவிட்டது, நாலு இழுப்புக்குப் பிறகுதான் அடையாளம் தெரிந்துகொண்டது. படகில் பதினொரு பேர், இரண்டு பன்றி, விலிமைனாவின் வாழைத்தார். பன்றி என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. என் மூன்றாம் வகுப்பு வாத்தியாரிடம் ஒரு பன்றி இருந்தது, மணி அடித்தால் வகுப்புக்கு வந்துவிடும், என்னைவிட ஒழுங்காக வரும்— அது கிடக்கட்டும், பிறகு சொல்கிறேன்.

பாரின் வாசல் நெருங்கியது. செமெசா என் இடது பக்கம் ஒட்டி உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமியாரைத் தாண்டும்போது பேசக் கூடாது. பாறை வருகிறது என்று அவன் எப்படிச் சொல்வான்? எனக்கு இடது பக்கம் வெறும் பால் மாதிரி வெளுப்பு. தலையைத் திருப்பினால் நேரே இருப்பது போய்விடுகிறது.

அவன் கையை எடுத்து என் இடது தோளில் வைத்தான். பாறை தூரத்தில் இருக்கும்போது விரல் சும்மா கிடந்தது. கிட்டே வர வர அழுத்தினான். அழுத்தம் கூடக் கூட நான் வலது பக்கம் ஒதுக்கினேன், ஒதுக்க ஒதுக்க விரல் தளர்ந்தது. படகில் பன்றிகூடச் சத்தம் போடவில்லை. விரல் முழுக்கத் தளர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். மாமியார் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். செமெசா இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வைத்திருந்தான்.

தோளில் நாலு விரல் தடம் இன்னும் சிவந்து இருக்கிறது. சட்டையைக் கழற்றியபோது லோசலினி அதைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? அதற்கு முன்னால் அவள் எண்ணெய் எடுக்கப் போன கதையைச் சொல்ல வேண்டும், அதில்தான் விஷயமே— இரு, முரசு. முதல் அடி விழுந்துவிட்டது. வாசலில் இருந்து கத்துகிறான்: "மச்சான்! நோட்டை மூடிட்டுத் தலையைச் சாய்க்கிறியா, இல்ல மூக்குல விடட்டுமா?" வருகிறேன்டா, வருகிறேன். லோசலினி என்ன சொன்னாள் என்றால், இருபத்தாறு வருஷம் நீ தனியாகத்தான் ஓட்டினாய் என்று நினைத்துக்கொண்டிருந்தாயே, அந்தப் பாறையை நீ தாண்டும்வரை கரையில் நானும் வாய் திறக்காமல்தான் நின்றேன்.